அரிசியில் எழுதும் ‘அ’வும் பால்துளியில் ஆடும் மணியும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி, பிள்ளையும் கைத்தொலைபேசியும் பற்றியவை. மீதி வெப்பவியக்கவியல். முன்பள்ளிக் கல்வி தெரிந்தவரும் பௌதிகவியல் தெரிந்தவரும் பிரித்துக்கொண்டு பதில் தருகிறார்கள்.

மகளுக்கு மூன்றரை வயது. யூடியூப் பாட்டைக் கேட்டு ‘அ’ முதல் ‘ஔ’ வரை பிழையில்லாமல் சொல்கிறாள். தாளில் ‘இ’யைக் காட்டினால் முழிக்கிறாள். ஏன்? – ஒரு தாய், கோண்டாவில்

அவள் பாடமாக்கியது எழுத்தை அல்ல, வரிசையை. ‘எ’ வந்ததும் பாட்டை நிறுத்தி, அடுத்தது என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ‘அ’விலிருந்து திரும்பப் பாடித்தான் அந்த இடத்துக்கு வந்து சேருவாள். பாட்டு ஓடும்போது கண் போவது துள்ளும் ஆட்டுக்குட்டியிடம். மூலையில் இரண்டு விநாடி நின்றுவிட்டுப் போகும் எழுத்திடம் அல்ல.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்துக்கே உரியது. இந்தச் செயலிகளில் பல தமிழ்நாட்டுப் பிள்ளைகளை நினைத்துச் செய்தவை. ‘நா’ என்ற எழுத்தின் அருகில் நாற்காலிப் படம் வரும். உங்கள் மகளுக்கு அது கதிரை. படத்தைப் பார்த்தவுடன் அவள் வாயில் வருவது ‘க’. ‘ஆ’வுக்கு ஆரஞ்சு காட்டினால் அவள் தோடம்பழம் என்பாள், ‘வே’க்கு வேர்க்கடலை காட்டினால் கச்சான் என்பாள். சொல்லின் முதல் ஒலிக்கும் எழுத்துக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் இந்த வயதில் பிடிபட வேண்டிய ஒரே விஷயம். அந்தத் தொடர்பே இங்கே அறுந்துபோகிறது. ‘ஆனா, ஆவன்னா’ என்று பெயர் சொல்லிப் பழக்கும் வீடுகளிலும் இதே கதைதான். பெயர் பிறகு வரட்டும். ‘அம்மா’வை வாசிக்க உதவுவது ‘அ’ என்ற ஒலி.

திரையை முழுதாக விலக்கத் தேவையில்லை. உள்ளே ஓடுவதை மாற்றினால் போதும். வீட்டிலேயே எட்டுப் படம் எடுங்கள்: கதிரை, கிணறு, பப்பாசி மரம், அப்பப்பாவின் சைக்கிள் என்று அவள் தினமும் தொடுகிற பொருட்கள். படக்காட்சி செய்யும் எந்தச் செயலியிலும் பக்கத்துக்கு ஒன்றாக, வெள்ளைப் பின்னணியில் இடுங்கள். கீழே மூன்று சொல்லுக்கு மேற்படாத ஒரே வரி, எழுத்தின் அளவு 40க்குக் குறையாமல். பிறகு உங்கள் குரலைப் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பின் மூன்று விநாடி மௌனம் விடுங்கள். அந்த இடைவெளி அவள் திருப்பிச் சொல்வதற்கு. அதை விட்டுவிட்டால் அவள் வெறும் பார்வையாளர். பின்னணி இசை வேண்டாம். ஒரே புத்தகத்தை ஒரு கிழமை ஓட்டுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுக்குக் கீழே விரல் வைத்தபடி.

தொட்டால் பறக்கும் வண்ணத்துப்பூச்சி, நடுவில் ஒரு விளையாட்டு இவையெல்லாம் இருக்கும் மின்கதைகளைத் தவிருங்கள். 2015இல் 43 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு ஒன்று, கதையோடு ஒத்துப்போகும் அசைவும் ஒலியும் கதையை விளங்க உதவுகின்றன என்றும், இடையில் செருகிய தொடுவிளையாட்டுகள் அந்தப் பயனைக் கெடுக்கின்றன என்றும் கண்டது. ஆயத்தமான கதைகள் வேண்டுமானால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் உரிமம் சொற்களை மாற்றவும் இடம் தருகிறது. நாற்காலியைக் கதிரையாக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். நேரக் கணக்கில், 3, 4 வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நம் கணக்கில் எழுத்துக்கு 10 நிமிடம் தாராளம்.

பேரனுக்கு இரண்டரை வயது, ரொறன்ரோவில் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் கதை சொல்கிறேன். பிள்ளைக்குப் போன் காட்டாதே என்று மருமகள் தடுக்கிறா. – அம்மம்மா ஒருவர், கோப்பாய்

மருமகளின் கவலை நியாயமானது, ஆனால் நீங்கள் பதிவுசெய்த காணொளி இல்லையே அம்மா. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழி கேட்க வைத்தார்கள். நேரில் ஆள் இருந்து பேசியபோது அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதையே திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. 2014இல் இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தபோது, நேரடிக் காணொளி அழைப்பில் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள், பதிவில் கற்கவில்லை. அவன் சிரித்தால் நீங்கள் சிரிக்கிறீர்கள், அவன் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துகிறீர்கள். வேறுபாடு அங்கேதான்.

ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை அங்கே அனுப்பிவிடுங்கள். அவன் தன் பக்கத்தைத் தொடலாம், தாயும் பக்கத்தில் இருக்கலாம். கேள்வி கேட்டபின் மனதுக்குள் நாலு வரை எண்ணுங்கள்; இணைப்புத் தாமதத்தில் பல அம்மம்மாமார் பதிலின் மேலேயே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் திரையில் புத்தகத்தின் எழுத்து இடம்வலமாகத் தெரிந்தால் புத்தகத்தைத் திருப்ப வேண்டாம். முன்கமரா உங்களுக்கு மட்டும் கண்ணாடி போலக் காட்டுகிறது. அவனுக்கு நேராகத்தான் தெரியும். கோடையில் அங்கே காலை 8 மணி என்றால் இங்கே மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30.

எங்கள் முன்பள்ளிக்கு டப்லெட் கிடைத்தது. கோட்டின் மேல் விரலை ஓட்டும் செயலி இருக்கிறது. கொப்பியில் எழுதுவதற்கு அது ஈடாகுமா? – ஆசிரியை, சாவகச்சேரி

ஆகாது. 2012இல் வெளியான ஆய்வொன்றில், வாசிக்கத் தொடங்காத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைத் தாங்களாக எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பின்னர் அந்த எழுத்துகளைப் பார்த்தபோது மூளையின் வாசிப்புப் பகுதிகள் உசாரானது தாங்களாக எழுதியவற்றுக்கே. கோணலாக, பெரிதாக, சிறிதாக எழுதி, இவ்வளவும் ‘அ’தான் என்று பிள்ளை கண்டுகொள்வதால் இருக்கலாம். செயலியோ கோடு நிரம்பியதா என்று மட்டும் பார்க்கிறது. ‘ட’வைக் கீழிருந்து மேலே கீறினாலும் நட்சத்திரம் கொடுக்கும்.

விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது செய்வதையே ஆண்டு முழுவதும் தொடரலாம். தட்டில் ஒரு விரற்கடைக்குக் குறைவாக அரிசியோ சலித்த மணலோ பரப்புங்கள். கூடினால் கோடு சரிந்து மூடிவிடும். சோக்கை இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் துண்டுகளாக முறித்துக் கொடுங்கள். துண்டு சிறிதானால் முழுக் கையால் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாக வந்துவிடும்.

தமிழ் தட்டச்சை இப்போது காட்டவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். கையால் ‘கெ’ எழுதும்போது கொம்பு முதலில், ‘க’ பிறகு. விசைப்பலகையில் ‘க’ முதலில். கொம்பை அழுத்தினால் அது தாவிப் போய் முன்னால் நிற்கும். இரண்டையும் ஒன்றாகப் பழகும் பிள்ளை கொப்பியில் கொம்பைப் பின்னால் போடும். கொம்பு, புள்ளியிட்ட வட்டத்தோடு தனியே நிற்கும் செயலி என்றால் எழுத்துரு பிழை, உடனே அழித்துவிடுங்கள்.

மிகச் சிறிய தொகுதிகளில் இரண்டாம் விதி மீறப்படுகிறது என்று வாசித்தேன். அப்படியென்றால் பாடப்புத்தகம் பிழையா? – உயர்தர மாணவன், வட்டுக்கோட்டை

புத்தகம் பிழையில்லை, தம்பி. தனித்துவிட்ட தொகுதியின் எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, குறையாது என்பதே வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி. அது பேசுவது பெரிய தொகுதிகளைப் பற்றி. 200 மில்லிலீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 6.7 × 10²⁴ மூலக்கூறுகள். ஏற்ற இறக்கத்தின் பங்கு, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் வருவது. நூறு துணிக்கை என்றால் 10 சதவீதம் ஆடும். ஒரு தம்ளர் தண்ணீரில் அந்த ஆட்டத்தை எந்தக் கருவியாலும் காண முடியாது.

எந்திரப்பி கூடுவதற்கும் அதே அளவு குறைவதற்கும் உள்ள நிகழ்தகவு விகிதம் ஓர் அடுக்குக்குறிச் சார்பு என்பதை 1993இலிருந்து வளர்ந்த ஏற்ற இறக்கத் தேற்றம் காட்டுகிறது. வெப்பநிலையைச் சக்தியோடு இணைக்கும் போல்ற்ஸ்மன் மாறிலியை அலகாகக் கொண்டால், மாற்றம் 1 ஆகும்போது விகிதம் 2.7க்கு 1. அதாவது மூன்று, நாலு தடவையில் ஒரு தடவை ‘பிழையான’ திசை. மாற்றம் 10 ஆனால் 22,000க்கு 1. நூறானால் 10⁴³ஐத் தாண்டும். பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் பார்க்கக் கிடைக்காது. 2002இல் அவுஸ்திரேலியாவில், 6.3 மைக்ரோமீற்றர் அளவுள்ள உருண்டை மணி ஒன்றை நீரில் லேசரால் பிடித்து வைத்து இதை அளந்தார்கள். இரண்டு விநாடிவரையான இடைவெளிகளில் எந்திரப்பி குறைந்த பாதைகள் கிடைத்தன. எல்லாப் பாதைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் விதி நிற்கிறது. ஆகவே பரீட்சையில் ‘மீறப்படும்’ என்று எழுதாமல் ‘சராசரியில் செல்லுபடியாகும்’ என்று எழுதும்.

இந்த ஆட்டத்தின் அளவுகோல், போல்ற்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கினால் வரும் சக்தி. நம் 30 பாகை வெயிலில் அது 4.2 × 10⁻²¹ யூல். கலத்துக்குள் சுமை இழுக்கும் கைனசின் என்ற புரதம் ஓர் அடி வைக்க 8 நனோமீற்றர் நகர்கிறது, கலத்தின் எரிபொருளான ஏ.ரி.பி. மூலக்கூறு ஒன்று தரும் சக்தி இந்த அளவுகோலில் ஏறத்தாழ 20 மடங்கு, செய்யக்கூடிய உச்ச வேலை 11, 12 மடங்கு. எல்லைக்கு இவ்வளவு கிட்ட ஓடுவதால்தான் சுமை கூடினால் அது சிலவேளை பின்னடியும் வைக்கும். இந்த ஆட்டத்தைப் பிடித்து இலவச இயந்திரம் செய்யலாமே என்று தோன்றும். 1867இல் பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளை வேகம் பார்த்துப் பிரிக்கும் பூதமும் அதைத்தான் கேட்டது. பூதம் தான் பார்த்ததை நினைவில் வைக்க வேண்டும், பிறகு அழிக்க வேண்டும்; ஒரு பிற்றை, அதாவது ‘ஆம்/இல்லை’ அளவு தகவலை, அழிக்க, இதே வெப்பநிலையில் குறைந்தது 2.9 × 10⁻²¹ யூல் செலவாகும் என்று 1961இல் லண்டவர் கணக்குப் போட்டார். 2012இல் அதையும் ஒரு மணியை வைத்து அளந்துவிட்டார்கள்.

உமது பாடசாலை நுணுக்குக்காட்டியில் இந்த ஆட்டத்தைப் பார்க்கலாம். ஒரு துளிப் பாலை இருபது துளித் தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு மூடித்தகட்டால் மூடும். விளிம்பைச் சுற்றி வசிலின் பூசும். 400 மடங்கு உருப்பெருக்கத்தில் கொழுப்பு மணிகள் துடிக்கும். ஒரு மைக்ரோமீற்றர் மணி, ஒரு விநாடியில் ஒரு திசையில் சராசரியாகத் தன் விட்டமளவு விலகும். இரு மடங்கு தூரத்துக்கு நாலு மடங்கு நேரம் வேண்டும். எல்லா மணியும் ஒரே பக்கம் ஓடினால் அது பிரௌணியன் அசைவு எனப்படும் இந்தத் தாறுமாறான ஆட்டம் அல்ல. வசிலின் விட்ட இடைவெளியால் நீர் ஆவியாகி, துளியே நகர்கிறது.

மின்வெட்டுக்குப் பிறகு ஐஸ்கிரீம் மணல் போல நறநறக்கிறதே? – உடுவில்

முந்திய கேள்வியின் உறவினர்தான் இதுவும்: இங்கேயும் அளவு சிறிதானால் நடத்தை மாறுகிறது. சிறிய பனிப்பளிங்கின் வளைந்த மேற்பரப்பு அதன் உருகுநிலையைச் சற்றுத் தாழ்த்துகிறது. தூய பனியில் ஆரை 10 நனோமீற்றரானால் ஏறத்தாழ 5 பாகை. 10 மைக்ரோமீற்றரானால் வெறும் 0.005 பாகை. இந்தத் துளியளவே போதும். பெட்டி சற்றுச் சூடாகும்போது சிறியவை முதலில் கரையும். மீண்டும் குளிரும்போது அந்த நீர் பெரியவற்றின் மேல் உறையும். 50 மைக்ரோமீற்றரைத் தாண்டினால் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

வீட்டில் செய்வதானால் ஒரு கிலோ கலவைக்கு 2 கிராம் குவார் பசையை (கலவையைத் தடிப்பாக்கும் தூள்) சீனியோடு கலந்து தூவுங்கள், நேரடியாகப் போட்டால் கட்டி கட்டும். டப்பாவைக் கதவுப் பக்கம் வைக்காமல் பெட்டியின் பின்பக்கம், மைனஸ் 18 பாகைக்குக் கீழே வையுங்கள். மின்வெட்டில் கதவைத் திறக்க வேண்டாம். முழுதாக உருகியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். அடித்து ஏற்றிய காற்று போய்விட்டிருக்கும், பாலும் கெடத் தொடங்கியிருக்கும்.