இறுதியாண்டு செயற்றிட்டம்: வன்னி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கிளிநொச்சி, பொறியியல்): அக்கா, "இரணைமடுக் குளத்தின் நீர் முகாமைத்துவத்துக்கு ஒரு ஸ்மார்ட் முறைமை" என்று முன்மொழிவு கொடுத்தேன். மிகவும் பெரிது என்று மேற்பார்வையாளர் திருப்பிவிட்டார். எப்படிச் சுருக்குவது?

பதில்: தம்பி, அவர் சொன்னது சரி. குளத்தை விடுங்கள், ஒரு கிளை வாய்க்காலை மட்டும் எடுங்கள். "இந்த வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதை மலிவான கருவியால் நம்பகமாக அளக்கலாமா?" இவ்வளவுதான் உங்கள் கேள்வி. எழுதுவதற்கு முன் அந்தக் கடைசி வயல்காரரிடம் போய்ப் பேசுங்கள். தண்ணீர் வராத நாட்களை அவரைப்போல வேறு யாரும் சொல்லமாட்டார்கள். கமக்காரர் அமைப்பிடமும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் இப்போதே அனுமதி கேளுங்கள்.

அப்புறம், நீர்மட்டம் அளக்க மீயொலி உணரி போடுவீர்கள் என்று நினைக்கிறேன். அது ஒலியை அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கும். ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையோடு மாறும்: 1 பாகை செல்சியசுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 0.6 மீற்றர். விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் 10 பாகை வித்தியாசம் இருந்தால், 2 மீற்றர் தூரத்தில் 3 சென்ரிமீற்றருக்கு மேல் பிழை வரும். சின்ன வாய்க்காலுக்கு அது பெரிய பிழை. ஆகவே வெப்பநிலை உணரியும் சேர்ப்பேன், பக்கத்தில் அளவுகோல் நட்டுக் கண்ணாலும் வாசித்து ஒப்பிடுவேன் என்று எழுதுங்கள். மட்டம் தெரிந்தால் மட்டும் ஓட்டம் தெரியாது. இரண்டையும் எப்படி இணைக்கப் போகிறீர்கள் என்பதும் வேண்டும். பத்துப் பக்க அறிமுகத்தைவிட இந்த ஒரு பந்திதான் உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி (வவுனியா, கணினி): நெல் இலையின் படத்தைப் பார்த்து எரிபந்த நோயைக் கண்டுபிடிக்கும் செயலி செய்ய ஆசை. ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பரில் முடிக்க வேண்டும்.

பதில்: தங்கச்சி, முதலில் போகத்தைப் பாருங்கள். காலபோகம் வடகிழக்குப் பருவமழையோடு தொடங்கும். ஏப்ரலில் அந்த வயல்கள் வெட்டி முடிந்திருக்கும். உங்கள் மாதங்களில் வருவது சிறுபோகம். அது குளத்தில் மிஞ்சிய தண்ணீரைப் பொறுத்தது. இந்த வருடம் எந்தக் குளத்தின் கீழ் விதைக்கிறார்கள் என்று கமநல சேவை நிலையத்தில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

கபிலப் புள்ளி நோயும் பார்வைக்கு எரிபந்தம்போல இருக்கும். எது எது என்று விவசாயப் போதனாசிரியர் ஒருவர் உறுதிப்படுத்தட்டும். முக்கியமாக, ஒரே வயலின் படங்களைச் செயலியைப் பயிற்றுவதற்கும் பிறகு சோதிப்பதற்கும் பிரித்துப் போடாதீர்கள். சில வயல்களை முழுதாகச் சோதனைக்கென்று ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் செயலி நோயைப் படிக்காது, அந்த வயலைத்தான் படிக்கும். செயலி சரியாகச் சொல்லும் சதவீதம் எவ்வளவு உயர்ந்தாலும் அதை நம்ப முடியாது.

கேள்வி (முல்லைத்தீவு, சமூகவியல்): மீள்குடியேறிய, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றி நேர்காணல் செய்யலாமா?

பதில்: செய்யுங்கள், தேவையான வேலை. ஆனால் ஆய்வு ஒழுக்கநெறி அனுமதி கிடைத்த பிறகுதான் முதல் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு எடுக்கும் காலத்தையும் அட்டவணையில் போடுங்கள். எங்கள் சனங்கள் எத்தனையோ படிவங்கள் நிரப்பிக் களைத்தவர்கள். வாழ்வாதாரம்தான் தலைப்பு என்றால் இழப்புகளைக் கிளறும் கேள்வி வேண்டாம். அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (மன்னார், தொழில்நுட்பம்): செலவுப் பட்டியலில் என்ன மறந்துபோகும்?

பதில்: பஸ் காசு. உடைந்தால் மாற்ற இன்னொரு உணரி. மழைக்கு ஒரு நல்ல பெட்டி.