ரோடு போடப் போட வீடு பள்ளமாகிறதே, பழைய ரோட்டைச் சுரண்ட வேண்டாமா?

சென்னையில் வீடு வைத்திருக்கும் நண்பர் கேட்டது இது. கட்டாயம் சுரண்ட வேண்டும். பழைய தாரை இயந்திரத்தால் எடுத்துவிட்டு (மில்லிங் என்பார்கள்) அதே மட்டத்தில்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். மேலே மேலே போட்டால் வாசல் தாழ்ந்து, மழைநீர் வீட்டுக்குள் வரும். வயதானவர்கள் படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டியிருக்கும். அந்தக் கஷ்டம் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் உங்கள் ரோடு யாருடையது என்று பாருங்கள். தெரு அல்லது உட்புறச் சாலை என்றால் மாநகராட்சியின் மண்டல அலுவலகம். பேருந்து போகும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை. சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. தவறான இடத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் சுற்றும்.

வேலை தொடங்கும் முன்பே வார்டு உதவிப் பொறியாளரைப் பார்த்து, எவ்வளவு ஆழம் சுரண்டப் போகிறார்கள் என்று கேளுங்கள். வாசல்படிக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். தார் விழுந்த பிறகு சண்டை போட்டுப் பெரிய பயன் இல்லை. மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கவுன்சிலரிடமும் எழுத்தில் கொடுங்கள். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.