அரசுப் போக்குவரத்துத் துறையில் தரவு ஆளுகையை எங்கிருந்து தொடங்குவது?

துறையில் ஒவ்வொரு பிரிவும் தனி எக்செல் வைத்திருக்கிறது, ஒரே கேள்விக்கு மூன்று பதில் வருகிறது, மேலதிகாரி புது மென்பொருள் வாங்கலாம் என்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தரவு ஆளுகை என்றால் தரவுக்கு யார் பொறுப்பு, அதை எப்படி வைத்திருப்பது, யாருக்குத் தருவது என்ற விதிகள்தான், அதனால் மென்பொருளை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். எந்தத் தரவுக்கு யார் பொறுப்பு என்பதை முதலில் எழுதி வையுங்கள். என் பதிலில் பாதி இதுதான்.

சாலைத் துறை ஒன்றின் தரவுப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தேன். விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களின் பட்டியல் ஒருமுறை தேவைப்பட்டது. விபத்துப் பதிவில் 'பாலத்துக்குப் பக்கத்தில்' என்று இருக்கும். சாலைத் தளத்தை ஆய்வு செய்கிறவர்கள் கிலோமீட்டர் கல்லை வைத்து எழுதியிருப்பார்கள். பாலங்கள் பிரிவில் ஜிபிஎஸ். மூன்றும் சொல்வது ஒரே வளைவைத்தான், ஆனால் கணினிக்கு அவை மூன்று வேறு இடங்கள். போதாததற்கு, எப்போதோ ஒரு வளைவை நேராக்கியதில் சாலையின் நீளம் குறைந்து, அதற்கு அப்பால் இருந்த கிலோமீட்டர் கணக்கு முழுவதும் நகர்ந்துவிட்டது. பழைய பதிவுகளை யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் அது யாருடைய வேலை என்று எந்த உத்தரவிலும் இல்லை. பட்டியலை எடுக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அதே வளைவில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

பொறுப்பாளர் என்றவுடன் ஐடி பிரிவைக் கைகாட்டிவிடுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. ஒரு பாலத்தின் கட்டிய வருடம் சரியா தப்பா என்று பாலப் பொறியாளருக்குத்தான் தெரியும், ஆகவே பொறுப்பும் அவருடையதுதான். பதவியின் பெயரை எழுதுங்கள், ஆளின் பெயரை எழுதினால் இடமாற்றம் வந்த அன்றே அந்தத் தாள் வீண்.

அப்புறம் அடையாள எண்கள். ஒவ்வொரு சாலைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் துறை முழுவதும் ஒரே எண் இருக்க வேண்டும், அது மாறவே கூடாது. பேருந்து நேர அட்டவணைகளை வெளியிட இன்று உலகம் முழுக்கப் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் வடிவத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து 2005இல் தொடங்கியது. உள்ளே இருப்பதெல்லாம் வெறும் காற்புள்ளியிட்ட உரைக் கோப்புகள்தான், நிறுத்தத்தின் எண், பயணத்தின் எண் போன்ற அடையாளங்கள்தான் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கின்றன. பேருந்து இப்போது எங்கே வருகிறது என்று சொல்லும் நிகழ்நேரத் தரவும் அதே எண்களைத்தான் தேடும், அட்டவணையில் மட்டும் எண்ணை மாற்றிவிட்டால் நிறுத்தத்தில் நிற்கிறவருக்குத் தப்பான தகவல்தான் போகும்.

தரவைப் பொதுவில் வெளியிடும் முன் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வையுங்கள், அவருக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் இருக்க வேண்டும். நியூயார்க்கில் 2014இல் டாக்சிப் பயணத் தரவு வெளியானபோது உரிம எண்களை, எந்த எண்ணையும் புரியாத குறியீடாக மாற்றும் எம்டி5 என்ற கணக்கு முறையைப் போட்டு மறைத்திருந்தார்கள். உரிம எண்ணின் வடிவம் தெரிந்ததுதான், சாத்தியமான எண்களும் குறைவு, எல்லாவற்றுக்கும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்டதில் கொஞ்ச நேரத்திலேயே அவிழ்ந்துவிட்டது. மெல்போர்னில் 2018இல் சுமார் 1.5 கோடி பயண அட்டைகளின் பதிவுகளை ஒரு தரவு ஆய்வுப் போட்டிக்காகக் கொடுத்தார்கள். பெயர் எதுவும் இல்லை. இருந்தும் ஆய்வாளர்கள் முதலில் தங்கள் அட்டைகளையும், அதை வைத்து உடன் பயணித்தவரின் அட்டையையும், ட்விட்டர் பதிவுகளை வைத்து ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அட்டையையும் கண்டுபிடித்தார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எங்கே ஏறுகிறார் என்பதே அவருடைய கைரேகை மாதிரி, பெயரை அழித்தால் மட்டும் போதாது.

ஒப்பந்தங்களையும் எடுத்துப் படியுங்கள். டிக்கெட் கருவி, ஜிபிஎஸ் கருவி இதெல்லாம் தனியார் நிறுவனம் தந்ததாக இருந்தால், தரவு துறைக்குச் சொந்தம், கேட்கும்போது முழுவதும் திறந்த வடிவத்தில் தர வேண்டும், ஒப்பந்தம் முடிந்தாலும் தர வேண்டும் என்று வரி இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த டெண்டரில் சேர்க்க இப்போதே எழுதிக் கொடுங்கள்.

குழு, கொள்கை ஆவணம் எல்லாம் வேண்டும்தான், ஆனால் நூறு பக்கம் எழுதிவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அதிகம் வலிக்கும் ஒரே ஒரு தரவை எடுங்கள், விபத்து இடமோ நிறுத்தப் பட்டியலோ. பொறுப்பாளர் யார், அட்டவணையில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன அர்த்தம், எப்போது புதுப்பிக்க வேண்டும், தப்பு கண்டால் யாரிடம் சொல்வது, இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி எல்லாப் பிரிவுக்கும் அனுப்புங்கள். முதல் வாரத்திலேயே திருத்தங்கள் வரும், அவற்றை அன்றன்றே சரி செய்து, தப்பைச் சுட்டிக்காட்டியவருக்குச் சரி செய்தாயிற்று என்று தெரியப்படுத்துங்கள்.