நிலத்தை விற்காதீர்கள், மொழியியலைப் பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். ஐடி கம்பெனியில் இருக்கும் சித்தப்பா, மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்தே ஆகவேண்டும் என்கிறார். அதற்கு ஊரில் இருக்கும் நிலத்தை விற்கலாமா என்று கேட்கிறார் அம்மா. கூடவே ஒரு வருத்தம்: லண்டன் கிளையண்டுக்குச் சித்தப்பா எழுதிய மெயிலைப் பார்த்து, "இப்படி எழுதினா அவங்க கோவிச்சுக்குவாங்க சித்தப்பா" என்று மகள் சொல்ல, அதிகப்பிரசங்கி என்று வீட்டில் திட்டு விழுந்ததாம்.

அம்மா, உங்கள் மகள் சொன்னதுதான் சரி. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் நல்லது என்று பணிவாகச் சொல்வதாக நினைத்து, 'யூ ஹேட் பெட்டர் செண்ட் இட்' என்று எழுதியிருக்கிறார் சித்தப்பா. அவர்கள் காதில் அது 'அனுப்பலேன்னா நடக்கிறதே வேற' என்றுதான் விழும். 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' (உரிய மரியாதையோடு சொல்கிறேன்) என்று ஆரம்பித்தாலே அடுத்து ஒரு குட்டு வரப்போகிறது என்று எதிராளி தயாராகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று கேட்பவரிடம் 'ஆஃப் கோர்ஸ்' என்றால், 'இதுகூடத் தெரியாதா' என்று இடித்துக்காட்டிய மாதிரி ஆகிவிடும்.

மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராயும் படிப்புதான் மொழியியல். சொன்ன சொல் கேட்பவரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஆராயவே அதில் பிராக்மாடிக்ஸ் என்றொரு பிரிவு இருக்கிறது. இலக்கணம் தவறினால் 'மொழி போதாது' என்று விட்டுவிடுவார்கள், இங்கே தவறினால் ஆளையே திமிர் பிடித்தவர் என்று முடிவுகட்டுவார்கள் என்று மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983-லேயே எழுதினார். சரளமாகப் பேசுகிறவருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். பணிவுப் பேச்சு பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் பிரவுன்–லெவின்சன் ஆய்வு எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். அதுவும் கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் திரட்டிய பேச்சு. (திருப்பூரும் அப்போது கோவை மாவட்டம்தான்.)

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அதைச் சொல்ல ஊரே இருக்கிறது. இந்த நுட்பம் உங்கள் மகளின் காதில் தானாகவே விழுகிறது, அதனால்தான் மொழியியலைச் சொல்கிறேன். அதற்கு வழி இதுதான். பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலமோ தமிழோ சேரட்டும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 கிடைக்கும். பிறகு எம்.ஏ. மொழியியல். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை பழம்பெருமை உள்ளது. உங்களுக்குப் பக்கத்திலேயே பாரதியார் பல்கலைக்கழகம். வெளியே போகத் துணிந்தால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லி ஜேஎன்யூ. இந்த இரண்டுக்கும் கியூட் முதுநிலை என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பேராசிரியராக விரும்பினால் யுஜிசி நெட் தேர்வில் மொழியியல் தனிப் பாடமாகவே உண்டு. மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. மென்பொருள் கம்பெனிகளில் டெக்னிக்கல் ரைட்டர் வேலை உண்டு, செயலியின் திரையில் வரும் வாசகங்களை எழுதும் வேலையும் உண்டு. கணினிக்கு மொழி கற்பிக்கும் பணிகளுக்கும் இந்தப் படிப்பு பொருந்தும். பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டால் கதவு இன்னும் அகலத் திறக்கும்.

பி.ஏ. முடித்த கையோடு பெரிய சம்பளம் வராது. எம்.ஏ. வரை ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். அந்த ஐந்து வருடச் செலவுக்கு நிலத்தில் கைவைக்க வேண்டியிருக்காது. கடனும் வேண்டாம், விற்பனையும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதலில் அவளைக் கேளுங்கள், சித்தப்பாவை வைத்துக்கொண்டு அல்ல, தனியாக. ஒலியும் இலக்கணமும் பிரித்துப் பார்ப்பதில் அவளுக்கு ருசி இருக்கிறதா, இல்லை கதை படிக்கத்தான் ஆசையா என்று தெரிந்துகொள்ளுங்கள். கதைதான் என்றால் இந்தத் துறை அவளுக்குச் சலிக்கும், அப்போது வேறு பேசலாம். கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்டியிருந்தால், ரசீதோடு இந்த வாரமே எழுத்தில் திரும்பக் கேளுங்கள்.