சிரியானா – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசியல் த்ரில்லர்கள் பற்றிய கட்டுரையில் ‘சிரியானா’வை (2005) ‘வேண்டுமென்றே குழப்பப்பட்ட படம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். எண்ணெய் அரசியலே அப்படித்தானே? அதற்குள் இருக்கும் யாருக்கும் முழு விவரம் தெரியாது. பார்ப்பவனையும் அதே இருட்டில் நிறுத்துவதுதான் நேர்மை என்பது என் எண்ணம். ஷார்ஜாவில் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு வேலை பார்ப்பவன் என்ற முறையிலும் அந்தப் படம் எனக்கு முக்கியமானது.

எஸ்., ஷார்ஜா

அன்புள்ள எஸ்.,

அந்தப் படத்தின் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். வளைகுடாவில் பெயர் சொல்லப்படாத ஓர் அமீரகம். மூத்த இளவரசர் நாசிர், அமெரிக்க நிறுவனத்திடம் இருந்த எரிவாயு உரிமையைக் கூடுதல் விலை சொன்ன சீனர்களுக்குக் கொடுக்கிறார். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அவரைக் கொன்றுவிடுகிறது. சொன்னபடி கேட்கும் தம்பி பட்டத்துக்கு வருகிறார். எண்ணெயை நாட்டுடைமையாக்கிய ஈரான் பிரதமர் மொசாதேக்கை 1953இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்த வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் புதிர் எதுவும் இல்லை.

இந்த நேரான குற்றத்தைத்தான் இயக்குநர் ஸ்டீபன் கேகன் நான்கு கதைகளாக வெட்டிக் கலைத்துப் போடுகிறார். நான்கு கதைகள் இருப்பது குறையல்ல. ‘டிராஃபிக்’ (2000) படத்தின் திரைக்கதையும் அவருடையதே, அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். அதில் மெக்சிகோ காட்சிகள் என்றால் மஞ்சள் நிறம், அமெரிக்காவின் ஒஹையோ என்றால் நீலம். எங்கே இருக்கிறோம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். ‘சிரியானா’வில் அந்தக் கைப்பிடிகூட இல்லை.

யாருக்கும் முழுதாகத் தெரியாது என்கிறீர்கள். கானெக்ஸ், கில்லன் என்ற இரண்டு எண்ணெய் நிறுவனங்கள் இணையும் பகுதியை நினைத்துப் பாருங்கள். கஜகஸ்தானின் டெங்கிஸ் எண்ணெய் வயலுக்காகக் கில்லன் லஞ்சம் கொடுத்திருக்கிறது. இணைப்பு நடக்க வேண்டுமானால் அரசு வழக்கறிஞர்களுக்கு ஓரிரு தலைகள் வேண்டும். முதலில் ஒரு எண்ணெய்க்காரரைக் காட்டிக்கொடுக்கும் வக்கீல், அடுத்துத் தன்னை வளர்த்த மூத்தவரையே காட்டிக்கொடுக்கிறார். படத்தின் மிகப் பெரிய துரோகம் இது. ஆனால் மூடிய அறைகளில் அரைகுறை வாக்கியங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த அறையில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் எல்லாம் தெரியும், நமக்கு மட்டும்தான் தெரியாது. கதாபாத்திரங்களுக்கு இல்லாத இருட்டைப் பார்வையாளனுக்கு மட்டும் உண்டாக்குவதை என்னால் நேர்மை என்று ஏற்க முடியவில்லை.

‘ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்’ (1976) எடுத்துக்கொண்டது இதைவிடச் சிக்கலான விவகாரம்: அமெரிக்க அதிபர் நிக்சன் தரப்பின் வாட்டர்கேட் ஊழலை இரண்டு பத்திரிகை நிருபர்கள் துருவி வெளிக்கொண்டுவந்த கதை. பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ஆனாலும் அந்த நிருபர்கள் இருவருக்கும் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். வாட்டர்கேட்டில் பிடிபட்டவரின் வங்கிக் கணக்குக்கு 25,000 டாலர் காசோலை எப்படிப் போனது என்று நிருபராக வரும் ராபர்ட் ரெட்ஃபோர்ட் தொலைபேசியில் துருவும் நீண்ட காட்சி ஒன்று போதும். எதிர்முனைக்காரர் வாய்தவறிச் சொல்வதை அவரோடு சேர்ந்து நாமும் பிடித்துக்கொள்கிறோம். அங்கே சிக்கல் நம்மை உள்ளே இழுக்கிறது.

‘சிரியானா’ முடிந்து எழுந்து வருபவருக்கோ ‘இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், யாரைச் சொல்லி என்ன’ என்ற அலுப்புதான் மிஞ்சுகிறது. அந்த அலுப்பு யாருக்கு வசதி? படம் யாரைக் குற்றம்சாட்ட வந்ததோ அவர்களுக்குத்தான். எனக்கு ஆற்றாமையே இதில்தான். நாசிரின் பாத்திரமும் எனக்கு உறுத்தல். பெண்களுக்கு வாக்குரிமை, நாடாளுமன்றம் என்று அப்பழுக்கில்லாத சீர்திருத்தவாதி. அதிகார ஆசையே இல்லாத இளவரசரை நம்புவது கடினம்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் பாகிஸ்தானி இளைஞன் வாசிமின் பகுதியில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். உரிமை சீனர்கள் கைக்குப் போனதும் ஒரே நாளில் வேலை போகிறது. வேலை போனால் அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போகிறது. வரிசையில் நின்றபோது பேசியதற்காக அடி வாங்குகிறான். மதரசாவில் சோறும் கனிவும் கிடைக்கின்றன. தெஹ்ரானில் சிஐஏ உளவாளியின் கையிலிருந்து நழுவிய ஏவுகணை கடைசியில் இவனிடம் வந்து சேருகிறது. மேலே எடுக்கும் முடிவு கீழே யார் தலையில் விடிகிறது என்பதை எந்த வசன விளக்கமும் இல்லாமல் படம் காட்டும் இடம் அது ஒன்றுதான். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் அவன் அந்நியன் அல்ல. அவனுக்குப் படம் ஒதுக்கியிருக்கும் நேரமோ மிகக் குறைவு. அவனையே நடுவில் வைத்து, மற்ற மூன்று கதைகளையும் அவன் வாழ்க்கையைத் தொடும் அளவுக்கு மட்டும் காட்டியிருக்கலாம்.

உங்களோடு வேலை செய்பவர்கள் யாராவது இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்களா? வாசிம் அவர்களுக்கு எப்படித் தெரிகிறான் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.