ஆப்ல வர்ற பீப்ப நம்பி கடிகாரத்த திருப்பாதீங்க

கடிகாரம் சரியாத்தான் ஓடுது, லேட்டா வர்றது உங்க போன் ஆப்ல கேக்குற பிபிசி பீப்தான், அதாவது சரியான மணியக் காட்ட பிபிசி ரேடியோ அடிக்கிற பீப். அத வச்சு முள்ளத் திருப்பினா கடிகாரம் தினம் முக்கால் நிமிஷம் பின்தங்குதுன்னு எழுதியிருக்கீங்க, அது பஃபரிங்காத்தான் இருக்கும், நெட் ரேடியோ கொஞ்சத்த சேத்து வச்சுக்கிட்டுதான் பாட ஆரம்பிக்கும்.

சந்தேகம்னா ரெண்டு போன்ல அதே ஸ்டேஷன பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிப் பாருங்க, ஒண்ணு அடிச்சு முடிச்சப்புறம் இன்னொண்ணு அடிக்கும், சிரிப்பா வரும்.

இன்னொண்ணு, மொத்தம் ஆறு பீப், அஞ்சு குட்டி, கடைசி மட்டும் அரை செகண்ட் நீளம். அந்த நீள பீப் ஆரம்பிக்கிற நொடிதான் சரியான மணி, முடியுற நொடி இல்ல. எங்கப்பா விரல முள்ளு மேல வச்சுக்கிட்டு அஞ்சு வரைக்கும் வாய்க்குள்ள எண்ணுவார், ஆறாவதுக்கு விட்டுருவார்.

நம்ம ஊர்ல அது அரை மணியிலதான் அடிக்கும், பயந்துராதீங்க, பீப் அடிக்கிறது லண்டன் கிரீன்விச் நேரக் கணக்குல, மியான்மரோட யாங்கோன் நேரம் அத விட ஆறரை மணி நேரம் முன்னால.

பழைய ஷார்ட்வேவ் செட் இருந்தா ராத்திரியில 10 மெகாஹெர்ட்ஸ்ல சீனாவோட பிபிஎம் தேடிப் பாருங்க, நேரம் சொல்றதுக்குன்னே இருக்குற ஸ்டேஷன், செகண்டுக்கு ஒரு டிக். ஷார்ட்வேவ்னாலே துல்லியம்னு மட்டும் நினைக்காதீங்க, சாட்டிலைட் வழியா வாங்கி மறுபடி விடுற ஸ்டேஷன்னா கால் செகண்டாவது பிந்தும். சுவர்க் கடிகாரத்துக்கு அது போதும்.