ஹீட்டர் விளக்கு எரிந்தால் பிளக் சூடாகிறது என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு உசிலம்பட்டி. பழைய டீசல் பிக்கப் வேன் ஒன்றை வாங்கி நானே ஓட்டிப் பிழைக்கிறேன். வாரம் மூன்று நாள் கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் கேரட்டும் பூண்டும் ஏற்றி வந்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இறக்குகிறேன். நான் வாங்குவதற்கு முன்பே ஹீட்டர் பிளக்கின் (குளிரில் டீசல் பற்றிக்கொள்ள சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) டைமரைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டில் ஓர் அழுத்து சுவிட்ச் வைத்திருந்தார்கள். பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்துவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். மதுரையில் தொல்லை இல்லை. மலையில் விடியற்காலையில் நாலைந்து முறை செல்ஃப் அடித்தால்தான் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்புகிறது. ஹீட்டர் வேலை செய்வதைக் காட்ட ஒரு விளக்கு வைத்துத் தர எலக்ட்ரீஷியன் 1,800 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? இன்னொன்று: நான்கு பிளக்கும் புதிதாக மாற்றி இருபது நாள்தான் ஆகிறது. அதற்குள் ஒன்று போய்விட்டது என்று அவரே சோதித்துச் சொன்னார். கடைக்காரர் “எலக்ட்ரிக்கல் சாமானைத் திரும்ப எடுப்பதில்லை” என்கிறார். பில்லும் தரவில்லை.

பதில்: விளக்கு வையுங்கள், ஆனால் 1,800 ரூபாய்க்கு வேண்டாம். 12 வோல்ட் சிறு பல்பு, ஹோல்டர், 2 ஆம்பியர் ஃபியூஸ், நாலைந்து மீட்டர் மெல்லிய வயர், இவ்வளவுதான் சாமான். மதுரை டவுன் ஹால் ரோட்டில் வாங்கினால் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீதி கூலி. அரை மணி நேர வேலைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

பணத்தைவிட, அந்த வயரை எங்கிருந்து எடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள். சுலபமாக இருக்கிறதே என்று சுவிட்சிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அப்படி வைத்தால், ரிலேயின் (சுவிட்சை அழுத்தியதும் பிளக்குகளுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் பெட்டி) உள்முனை கருகி பிளக்குக்குக் கரண்டே போகாவிட்டாலும் விளக்கு பளிச்சென்று எரியும். உங்கள் விரல் சுவிட்சை அழுத்தியது என்பதைச் சொல்ல ஒரு விளக்கு எதற்கு? நான்கு பிளக்கின் தலையையும் இணைத்து இன்ஜின் மேல் ஓர் உலோகப் பட்டை ஓடும். ரிலேயிலிருந்து வரும் தடித்த வயர் சேருவதற்கு எதிர்முனையில், அந்தப் பட்டையிலிருந்தே வயர் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். விளக்கின் பக்கம் வைத்தால், நடுவில் வயர் உராய்ந்து பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். விளக்கின் மறுமுனை பாடியில் எர்த்.

எல்இடி வேண்டாம், பழைய இழை பல்பே போதும் என்பது என் கட்சி. பேட்டரி தளர்ந்திருந்தாலோ, எங்காவது முனை துருப்பிடித்திருந்தாலோ இழை பல்பு மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். எல்இடி ஒன்பது வோல்ட்டிலும் ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருக்கும்.

இனிதான் முக்கியமான விஷயம். இவ்வளவு ஒழுங்காக வைத்தாலும், உங்கள் வண்டியில் இப்போது செத்துக்கிடக்கும் அந்த ஒரு பிளக்கை இந்த விளக்கு காட்டாது. நான்கும் தனித்தனியாக அந்தப் பட்டையிலிருந்து கரண்ட் எடுக்கின்றன. ஒன்று போனாலும் மூன்று போனாலும் பட்டைக்குக் கரண்ட் வரும், விளக்கும் எரியும். என் மைத்துனர் வண்டியில் இரண்டு பிளக் போயிருந்தும் ஒரு மார்கழி முழுக்க விளக்கு விசுவாசமாக எரிந்தது. அவர் பேட்டரியை மாற்றினார். நாலில் ஒரு சிலிண்டர் குளிர்ந்தே கிடந்தால் அதில் எரியாத டீசல்தான் உங்கள் வெள்ளைப் புகை.

பிளக்கைச் சோதிக்க எலக்ட்ரீஷியனின் டெஸ்ட் லாம்ப் போதும். உலோகப் பட்டையைக் கழற்றிவிட்டு, லாம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட வேண்டும். எரிந்தால் உள்ளே இழை அறுபடவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது. கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட்டை அளக்கும் கருவி) வைத்திருப்பவரிடம் போனால் இன்னும் எளிது: சூடான பிளக் ஒன்று சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், நான்குக்கும் சேர்த்து 40 வர வேண்டும், 30 வந்தால் ஒன்று அவுட். வீட்டு வயரிங்காரர்களின் மலிவான கிளாம்ப் பெரும்பாலும் ஏசி மட்டுமே அளக்கும். டிசி ஆம்பியர் அளப்பதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு விளக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சுவிட்சை விட்ட பிறகும் அது எரிந்தால் ரிலே ஒட்டிக்கொண்டது என்று பொருள். இது தெரியாமல் கொடை மலை இறங்கினால், அடிவாரம் வருவதற்குள் நான்கு பிளக்கும் வெந்துவிடும். சில சமயம் முனை உப்பிக் கழற்றவே வராது. இந்த ஒரு எச்சரிக்கைக்காகவே விளக்கு வைக்கலாம். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே (இன்ஜின் எளிதில் கிளம்ப காற்றுக்குழாயில் அடிக்கும், சட்டென்று தீப்பற்றும் திரவம்) மட்டும் அடிக்காதீர்கள். சூடான முனையில் பட்டால் இன்ஜினுக்குள்ளேயே வெடிக்கும்.

கடை விவகாரத்துக்கு முன் பிளக்கின் மேல் பொறித்த வோல்ட்டைப் பாருங்கள். 11 அல்லது 12 என்றிருக்க வேண்டும். புதிய வண்டிகளுக்கு 5, 7 வோல்ட் பிளக்குகள் வருகின்றன. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்க வேண்டிய அவற்றை உங்கள் அழுத்து சுவிட்சில் மாட்டினால் நிலைக்காது. வோல்ட் சரியாக இருந்தால் முனையைப் பாருங்கள். உருகியோ கருகியோ இருந்தால் அந்த சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மீதும் சந்தேகம் வர வேண்டும். முனை சுத்தமாக இருந்து உள்ளே அறுந்திருந்தால் பிளக்கின் குறையாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் கடைக்காரரின் பேச்சு செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவுப்படி பில் தராததும் முறையற்ற வணிகம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிக்காதபோது 30 நாள் கணக்கு; உங்களுக்கு இருபது நாள்தான் ஆகியிருக்கிறது, உடனே போங்கள். “வண்டி வைத்துத் தொழில் செய்கிறவர் நுகர்வோர் ஆக மாட்டார்” என்று யாராவது சொன்னால், பிழைப்புக்காகத் தானே ஓட்டும் லாரி உரிமையாளரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது என்று சொல்லுங்கள். பில் இல்லாவிட்டால் போன் வழியாகப் பணம் அனுப்பிய பதிவும், விலை அச்சிட்ட அட்டைப் பெட்டியும் சாட்சி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் நடக்காவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

பழுதான பிளக்கைக் கடையில் கொடுக்கும் முன் அதில் பொறித்த எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். “வைத்துவிட்டுப் போங்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்” என்றால், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.